பின்னறைக் குளிர்ச்சி

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரமநாயகம் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. மூன்று இறக்கை, மூன்றிலும் ஒட்டடை, சுற்றுக்கு ஒரு தடவை க்ளக் என்று ஒரு சத்தம். சட்டென்று தன்னையே கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் எடுக்காதவன்தான் ஜன்னலுக்கு வெளியே இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பான். அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக ஏறி இறங்கியே தலை நரைத்த மனுஷர் அவர். வண்டிக்குள் காலை வைத்ததும், வெளியே ஓடுகிற பனைமரங்களைப் புதுசாகக் கண்டதுபோல எவன் பார்க்கிறானோ அவனிடம்தான் நேரே போவார், ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை. இப்போது பாளையங்கோட்டையின் இந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக் கூடத்துக்குள் அப்படி ஒரு இன்ஸ்பெக்டர் நுழைந்தால், உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் தன்னிடம்தான் வருவான் என்று தோன்றியது. பார்வையைக் கீழே இறக்கினார். மடியில் எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. காலையில் அதில் இட்லியும் எண்ணெய் விட்டுக் குழைத்த மிளகாய்ப்பொடியும் இருந்தன, இப்போது அவர் வயிற்றில் இருக்கின்றன. கொண்டுவந்தவள் பக்கத்து நாற்காலியில் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொற்கொடி. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய வீட்டை இன்று எழுதி வாங்கப் போகிறவள். "தனியாளு, காலையில என்னத்தச் சாப்பிட்டிருக்கப் போறீங்கன்னுதான் பெரியப்பா கொண்டாந்தேன்" என்று வாசலிலேயே கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய எதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்? சர்வர் வேலை செய்யவில்லை என்று ஜன்னலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவினாலும் சும்மா இருக்கிற சர்வர், இன்றைக்குப் பார்த்து அவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறது. நேரம் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வந்தோம், கையெழுத்துப் போட்டோம், போட்டோவுக்கு முகத்தைக் காட்டினோம், பெருவிரலை வைத்தோம், சாவியைக் கொடுத்தோம் என்று போயிருக்கும்.

வேப்பமரம். மறுபடியும் வந்துவிட்டது. நல்ல செருப்பில் ஏறிய முள் மாதிரி, நடக்கும்போது தெரியாது, நின்றால் குத்தும். அன்றைக்கு அவள் வீடு பார்க்க வந்தபோது சித்திரை வெயில். தரகர் பாலையா முன்னால் வந்து ஹாலைக் காட்டினான், அடுப்படியைக் காட்டினான், மாடிப்படியைக் காட்டினான், எல்லாம் அவன் பாட்டன் கட்டிய வீடு மாதிரி. அவள் எதற்கும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் கண், குழாயைத் திறந்து பார்த்தாள், கக்கூஸ் கதவின் அகலத்தைக் கையால் அளந்தாள், சக்கர நாற்காலி போகுமா என்று. பின்னறைக்குள் காலை வைத்ததும்தான் நின்றாள். செருப்பில்லாத பாதத்தைத் தரையில் ஒரு தடவை அழுத்தி எடுத்தாள். "ஏ அம்மா, என்ன குளிர்ச்சி" என்றாள். முகம் விரிந்தது. அந்த முகத்தை அவர் மறக்கவே போவதில்லை. "எங்கப்பா படுத்தபடுக்கை பெரியப்பா. லாரி ஓட்டின மனுஷன், எஞ்சின் சூட்டுலயே வெந்த ஒடம்பு, இப்ப வெக்கையே ஆவ மாட்டேங்கு. முதுகெல்லாம் புண்ணு. இந்த ரூம் ஒண்ணு போதும் எங்களுக்கு." பெரியப்பா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை, அதற்கு முன்னால் சார்தான். பிறகு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, சாதாரணமாக, ஒரு சந்தேகமும் இல்லாமல், "எதனால இம்புட்டுக் குளிர்ச்சி?" என்று கேட்டாள். பாலையா வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், "பின்னால வேப்பமரம் நிக்குல்லா." மரம் நிற்கிறது, பொய்யில்லை. நிழல் விழுகிறது, பொய்யில்லை. அவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள், "எங்கப்பாவுக்கு வேப்பங்காத்துன்னா உசுரு" என்றாள். இரண்டு நிஜத்தை வைத்து ஒரு பொய்யைக் கட்டிவிட்டார். அத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை பேர் அவரிடம் நேற்றைய டிக்கெட்டை நீட்டியிருப்பார்கள். அதுவும் நிஜ டிக்கெட்தானே.

தரைக்குக் கீழே கிணறு இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு. மண் போட்டுத் தூர்த்த கிணறு என்றால் அது ஒரு பேச்சே இல்லை, ஊரில் பாதி வீடு அப்படித்தான் நிற்கிறது. இது தூர்க்காத கிணறு. உள்ளே தண்ணீர் கிடக்கிற, உயிரோடு இருக்கிற கிணறு. அதன் வாய்க்கு ஒரு கான்கிரீட் பலகை, பலகைக்கு மேல் டைல்ஸ், டைல்ஸுக்கு மேல் அறை. யாராவது செய்வார்களா? அவர் செய்தார், பெண்டாட்டி வடிவுக்காகச் செய்தார். மகன் குமரகுருவுக்குப் பெண் பார்த்து முடித்த வருஷம், புது மாப்பிள்ளைக்கு ஒரு தனி அறை வேண்டாமா என்று கொத்தனார் சூசையைக் கூட்டிவந்து புறவாசலைக் காட்டினபோது, இடம் இருந்ததே அந்தக் கிணற்றைச் சுற்றித்தான். ரெண்டு லோடு மண்ணடித்தால் முடிந்தது என்றான் சூசை. வடிவு கிணற்றின் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டாள். "உசுரோட இருக்கிறவளை மண்ணப் போட்டு மூடுவாங்களா? நீங்க வேலைக்குப் போனப்புறம் எனக்கு யாரு துணை இங்க? நான் கல்யாணமாயி வந்த அன்னைக்கு இவ தண்ணியிலதான் காலைக் கழுவினேன். கங்கையத் தூத்த வீடு வெளங்காது, சொல்லிட்டேன்." ஒருநாள் முழுக்க உலை வைக்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான், ஆனாலும் அவள் அழுதால் அவருக்கு ஆகாது. அப்போது சூசைதான் வழி சொன்னான், தூர்க்க வேண்டாம், மேலே பலகை போட்டு மூடிவிடலாம், மூச்சு விட ஒரு குழாய் வைத்துவிடலாம், பல வீட்டில் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று. வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றி, காதோரத்தில் இருந்த பூவை எடுத்துப் போட்டு, "கோவிச்சுக்கிடாத தாயே" என்று உள்ளே குனிந்து சொன்னாள், உள்ளேயிருந்து அவள் குரலே திரும்பி வந்தது. பலகை விழுந்தது. குழாய் சுவருக்கு அடியால் வெளியே வந்து ஒரு முழ உயரத்துக்கு நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு மஞ்சள் பொட்டு, பக்கத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டி. எல்லோருக்கும் திருப்தி. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அவள் பேச்சைத் தள்ளிவிட்டு மண்ணைப் போட்டு நிரப்பியிருந்தால் அறை பாறை மாதிரி நின்றிருக்கும். இல்லை, அவள் பேச்சை முழுசாகக் கேட்டு அறையே கட்டாமல் விட்டிருந்தாலும் ஒரு கேடும் இல்லை. பாதி கேட்டார். பெண்டாட்டி பேச்சைப் பாதி கேட்பதுதான் பெரிய சாமர்த்தியம் என்று இந்த ஊர் ஆம்பிளைகள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு, அவருக்கும் அதுதான்.

"வெயில்ல தலை வலிக்கா பெரியப்பா? ஒரு மாதிரி இருக்கீங்க" என்றாள் பொற்கொடி. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். நர்ஸ் அல்லவா, முகத்தைப் பார்த்தே நாடி பார்த்துவிடுவாள், ஜாக்கிரதை. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தே கொடுத்தாள். குடித்தார். எதிர் வரிசையில் பத்திர எழுத்தர் காசிநாதன் காகிதக்கட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். போன வாரம் அவர் கடையில்தான் பத்திரத்தை வாசித்துக் காட்டினார், கோயில் மணி மாதிரி ஒரே சுருதியில். மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதும் தோன்றினால் எழுதிக் கொடுப்பவரே தம் சொந்தப் பொறுப்பில் தீர்த்துக் கொடுப்பதாகவும். பொற்கொடி டூட்டிக்குப் போன பிறகு, பிரமநாயகம் வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி அவரிடம் கேட்டார், வில்லங்கம் என்றால் கடன், கேஸ் மட்டும்தானா, கட்டடத்தில் உள்ள கோளாறு சேருமா? காசிநாதன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வில்லங்கச் சான்றுல கடன்தான் அண்ணாச்சி வரும், கட்டடம் வராது. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. வாங்குறவன் சாதாரணமாப் பாத்தாத் தெரியாது, விக்கிறவனுக்குத் தெரியும், அப்படி ஒரு பெரிய கொறை இருந்துச்சுன்னா வாயத் தொறந்து சொல்லிடணும். கேட்டாலும் சொல்லணும், கேக்காட்டாலும் சொல்லணும். சொல்லாட்டா அது ஏமாத்துனதாத்தான் அர்த்தம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "என்ன, ஏதாவது இருக்கா?" என்றார். சேச்சே என்றார் பிரமநாயகம். கிணற்று விஷயம் முன்பே தெரிந்த பாலையா கடைவாசலிலிருந்து பின்னாலேயே வந்து தோளில் கை போட்டான். "அண்ணாச்சி, நீங்க ஒரு பச்சப்புள்ள. காரு விக்கிறவன் எஞ்சினக் கழட்டியா காட்டுதான்? வாயத் தொறந்தீங்கன்னா நாளைக்கு ஊருக்கே தெரியும், அப்பறம் சும்மா குடுத்தாலும் ஒருத்தன் வர மாட்டான். அந்தக் குழாயை மட்டும் வெட்டி விட்டிருங்க, பாக்கிறவன் என்னன்னு கேப்பான்லா." தோளில் அவன் கை கனமாக இருந்தது. வேண்டாம் என்று அப்போதும் சொல்லவில்லை.

வெட்டினார். கூலிக்கு ஆள் வைக்காமல் தானே வெட்டினார், எவனுக்கும் தெரியக்கூடாதே. ரம்பத்தை வைத்து இழுக்க இழுக்க, வெள்ளைத் தூள் செம்பருத்தி வேரில் விழுந்தது. குழாய் கையோடு வந்ததும் அந்த ஓட்டையிலிருந்து ஒரு காற்று வந்தது. ஈரமான, பாசி வாசம் அடிக்கிற, கொஞ்சம் குளிர்ந்த காற்று, முகத்தில் நேரே அடித்தது. அவ்வளவு வருஷமாக உள்ளே இருந்துகொண்டு வெளியே வந்து வந்து போன மூச்சு. சிமெண்டைக் குழைத்துக் கையாலேயே அப்பினார். அப்பின கையை எத்தனை தடவை கழுவியும் பிசுபிசுப்புப் போகவில்லை. யாரையோ வாயைப் பொத்திக் கொன்ற மாதிரி இருந்தது, இதை யாரிடம் போய்ச் சொல்வது, கேட்டால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் குமரகுரு ஓசூருக்குப் போய்விட்டான், அவனுக்காகக் கட்டின அறை பூட்டியே கிடந்தது, அவனுக்கு அதுவும் நினைவில்லை, "வித்துட்டு வந்து சேருங்கப்பா, அங்க தனியா என்ன பண்ணுதீங்க" என்று போனில் சொல்வதோடு சரி. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி மழையில் அறையின் நடுவில் ஒரு டைல்ஸ் உள்ளே இறங்கியது. சூசையைக் கூப்பிட்டார். அவன் ஒரு கம்பியால் தட்டித் தட்டிக் கேட்டான், நடுவில் வரவர தொம் தொம் என்றது. "கம்பியெல்லாம் துருப்பிடிச்சுப் போயிருக்கும் அண்ணாச்சி, கீழ ஈரம்லா. இன்னும் எம்புட்டு நாள் தாங்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஒடச்சு நெரப்பிட்டா நல்லது. அதுவரைக்கும் நடுவுல கனமா எதையும் வச்சிராதீங்க." நிரப்பலாம் என்றுதான் நினைத்தார். நிரப்ப வேண்டுமென்றால் உடைக்க வேண்டும், உடைத்தால் உள்ளே பார்க்க வேண்டும். இறங்கின டைல்ஸை மட்டும் மாற்றச் சொன்னார். புதுசு ஒரு இம்மி வெளுப்பு. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், அதாவது அவர் கண்ணுக்கு மட்டும்.

அந்த அறையில் வடிவு ஒருநாளும் படுத்ததில்லை. பெருக்குவாள், துடைப்பாள், உட்கார மாட்டாள். "தலமேல ஏறி உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள். ஹாலில் ஃபேனே இல்லாத மூலையில் பாயை விரித்து வேர்க்க வேர்க்கக் கிடப்பாள், அவர் கேலி பண்ணுவார், ஓசியில் ஏசி ரூம் இருக்க வேர்வையில் குளிக்கிறாளே என்று. டைல்ஸ் இறங்கினதற்கு அடுத்து வந்த பங்குனியில் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்தது. வாயும் விழுந்தது. கண் மட்டும் மிச்சம். வெக்கையில் முதுகு புண்ணாகிவிடும் என்று பயந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் ரெண்டு பேரைக் கூப்பிட்டு அவர்தான் அவளை அந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஓரமாகத்தான், சுவரை ஒட்டித்தான், தரையில் மெத்தை போட்டுத்தான் படுக்கவைத்தார், இப்போதும் மனசு அந்தச் சால்ஜாப்பைச் சொல்லிக்கொள்கிறது. அவள் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. கோபம் இல்லை அது. கேட்டுக்கேட்டுச் சலித்தவள் கடைசியாக ஒரு தடவை கேட்பதுபோல. நல்லாயிருந்த ஒரு கை மெத்தைக்கு வெளியே இறங்கி டைல்ஸைத் தடவிக்கொண்டே இருந்தது, நாள் முழுக்க, அவள் கண்ணை மூடுகிறவரைக்கும், தூங்குகிற பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி. வேண்டாம் என்கிறாளா, பரவாயில்லை என்கிறாளா, அவர் கேட்கவில்லை, கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது, அது அவருக்கு வசதியாக இருந்தது. அதுதான் நிஜம். வாய் இல்லாதவர்களிடம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வாயுள்ள அவரே வாயைத் திறக்காதபோது, அவள் கண்ணால் கேட்டது யாருக்கு விளங்கப் போகிறது. வடிவு, ஏட்டி, தப்புப் பண்ணிட்டேன் என்று கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். இருமுவதுபோலச் செய்தார்.

சர்வர் வந்துவிட்டது. கூடத்தில் ஒரு சலசலப்பு, உறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். உள்ளே யாரையோ கூப்பிட்டார்கள், அதற்கடுத்து இவர்கள்தான் என்று காசிநாதன் விரலால் சைகை காட்டினார். சரி, இன்னும் கொஞ்ச நேரம். உள்ளே அதிகாரி வழக்கமாகக் கேட்பதைக் கேட்பார், சம்மதித்துத்தான் விற்கிறீர்களா என்பார், கிணறு இருக்கிறதா என்று கேட்கவா போகிறார். கேட்காததற்கு எதற்குப் பதில்? யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் கேட்டது குளிர்ச்சியைப் பற்றித்தான். அப்போதுதான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார், எங்கிருந்தோ, அம்பாசமுத்திரம் வண்டியில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தவர், காதில் கடுக்கன், மடியில் ஒரு பூசணிக்காய். டிக்கெட் எங்கே என்று கேட்டபோது கொஞ்சமும் அசராமல் சொன்னார், "கண்டக்டர் கேக்கல, நானும் எடுக்கல." பஸ்ஸே சிரித்தது. பிரமநாயகத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கேட்டாத்தான் எடுப்பீரோ? ஏறினவருக்குத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டு, அபராதமும் எழுதி, நடுவழியில் வெயிலில் இறக்கிவிட்டார். பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் நடந்துபோனது பின் கண்ணாடியில் ரொம்ப தூரம் தெரிந்தது. ஏறினவருக்குத் தெரியாதா. எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார், காக்கிச் சட்டையும் விசிலும் இருந்தால் எல்லாமே கம்பீரம்தான். மடியில் இருந்த டப்பாவின் மூடியை அவர் விரல்கள் திறந்து திறந்து மூடின. இப்போது சொன்னால் என்ன ஆகும்? வீடு விற்காது, பாலையா ஏசுவான், மகன் சலித்துக்கொள்வான், சரி அதெல்லாம் போகட்டும். இவள் இனி பெரியப்பா என்று கூப்பிட மாட்டாள். இவ்வளவு நாளாக அவரைத் தடுத்ததே அதுதானோ? ஒரு ஆள் இல்லாத வீட்டில், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க ஒரு குரல் வந்ததே, அதை விட மனசில்லாமல்தான் அந்தக் குரலின் அப்பனையே அந்தப் பலகைமேல் படுக்கவைக்கத் துணிந்தாரோ? இல்லை, வீடு கைக்கு வரும்வரை ஹாலில்தான் படுக்கவைப்பதாக இன்று காலையில்கூடச் சொன்னாள். வாடகை வீட்டுக்காரர் இன்றைக்கே சாவி கேட்கிறாராம், பத்திரம் முடிவதற்குள் அப்பாவை மட்டும் கொண்டுபோய்விடலாமா என்று கேட்டாள், முன்வாசல் சாவியைக் கொடுத்தார். ஹாலில் இருக்கட்டும். சாயங்காலம் போய், பின்னறை ஈரம், மராமத்து பார்த்துவிட்டுப் புழங்குங்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம். நாளைக்குக்கூடச் சொல்லலாம். நாளைக்கு என்ற வார்த்தை அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது.

பொற்கொடியின் போன் அடித்தது. அவள் புருஷன் பேசுகிறான் என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. "போயாச்சா? நல்லபடியா எறக்கினீங்களா? கட்டிலு?" கேட்டுக்கொண்டே வந்தவள் முகம் மலர்ந்தது, அன்றைக்கு அறையில் மலர்ந்த அதே முகம். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். "பெரியப்பா, ஹால்ல வெக்கையா இருக்குன்னு அப்பாவை நேராப் பின்ரூமுக்கே கொண்டு போயிட்டாங்களாம். ஃபேனுக்கு நேர்கீழ, நடுவுல கட்டிலைப் போட்டாச்சாம். ஆஸ்பத்திரிக் கட்டிலு, அந்த இரும்பு கனம் கனக்கும், நாலு பேரு தூக்கியிருக்காங்க. படுத்த ஒடனே அப்பா கண்ண மூடிட்டாங்களாம். ரொம்ப நாளாச்சு பகல்ல அப்பா கண்ண மூடி." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நடுவில். நாலு இரும்புக் கால். வெளுத்த டைல்ஸ். தொம் தொம். ஒரு கை மெத்தைக்கு வெளியே இறங்கித் தரையைத் தடவுகிறது, வடிவின் கை, இல்லை, முகம் பார்த்திராத ஒரு கிழவரின் கை, எஞ்சின் சூட்டில் வெந்த கை. நினைப்பு அதற்கு மேல் ஓடவில்லை. இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்த மனசு அப்படியே நின்றது. டப்பா மூடி விழுந்து கூடமெல்லாம் உருண்டது. "தூக்கச் சொல்லு" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "ஒங்கப்பாவை அங்கேருந்து தூக்கச் சொல்லும்மா. கட்டிலை விட்டுட்டு ஆளை மட்டும் தூக்கச் சொல்லு. இப்பமே. கீழ கெணறு இருக்கு."

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பழகின ஜீவன், முதலில் ஆளைக் காப்பாற்று, பிறகு விசாரி. "ஏங்க, அப்பாவைத் தூக்குங்க. கட்டில் கெடக்கட்டும். விரிப்போட ரெண்டு பேராத் தூக்குங்க, மத்தவங்க வெளிய வாங்க, ஒரே எடத்துல கூடி நிக்காதீங்க. சுவரோரமா நடங்க. ஹாலுக்கு வந்ததும் சொல்லுங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். அவரும் நின்றார். அவள் உள்ளங்கையிலிருந்து கசிந்த சத்தத்தை அவர் கேட்க முயன்றார், யாரோ மெதுவாக மெதுவாக என்கிறார்கள், கதவு இடிக்கிறது, ஒரு வயசான குரல் முனகுகிறது, தூங்கினவரை எழுப்பிவிட்டார்கள் போல. தரையிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்றுதான் அவர் காது தேடியது. வரவில்லை. வந்தாச்சு என்று போன் சொன்னது. அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் சொன்னார், எல்லாவற்றையும், நின்றபடியே, பலகை, குழாய், துரு, மாற்றின டைல்ஸ், சூசை சொன்னது, பாலையா சொன்னது, தான் வெட்டினது. பாலையா மேல் பழியைக் கொஞ்சம் தள்ளப் பார்த்து, பாதியில் அதையும் விட்டுவிட்டார். எதிரே காசிநாதன் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கினதுபோல இருக்கும் என்று நினைத்திருந்தார், அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுக்கிறவர் பிரமநாயகம், எழுதி வாங்குகிறவர் பொற்கொடி, வாங்க. யாரும் அசையவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அவள் காசிநாதனைப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். சத்தம் போடுவாள், ஏசுவாள், இத்தனை பேர் முன்னால் நாலு கேள்வி கேட்பாள் என்று அவர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கூடத்தின் மூலைவரை போய், உருண்டு கிடந்த மூடியை எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள். "மொத நாளே சொல்லியிருந்தாலும் நான் இந்த வீட்டத்தான் வாங்கியிருப்பேன். நெரப்பிட்டுப் புழங்கியிருப்போம்" என்றாள். கொஞ்ச நேரம் மூடியையே பார்த்தாள். "வேப்பமரம்னு சொன்னீங்களே."

அவள் கையை நீட்டினாள்.

"டப்பாவைக் குடுங்க, சார்."